ஏழில் நின்ற திருகு

மூன்றில் வைத்தால் போதும் ஐயா. வெயில் காலத்தில் வேண்டுமானால் நாலு. அதற்கு மேல் திருக வேண்டியதே இல்லை. அந்தச் சின்ன ஃபிரிட்ஜை இனி யார் கையில் கொடுத்தாலும் முதலில் இதைச் சொல்லிக் கொடுங்கள். கொஞ்சம் தண்ணீர் கொண்டுவரச் சொல்லுங்கள். எழுமலையிலிருந்து உசிலம்பட்டிக்கு ஒரு பஸ், அங்கிருந்து மதுரை தல்லாகுளத்துக்கு ஒரு பஸ், இரண்டிலும் நின்றுகொண்டே வந்தேன். ஐம்பத்தாறு வயதில் முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

என் பெயர் நல்லகாமன். ஊர்ப் பெயர் உங்கள் ஃபைலிலேயே இருக்கிறது. அங்கே அரசு ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருடமாக மருந்துக்குப் பொறுப்பு நான்தான்; ஊர்க்காரர்களுக்குக் கம்பவுண்டர். போன மாதம் இதே நாற்காலியில் உட்கார்ந்து ஒரு வாக்குமூலம் கொடுத்தேன். அதில் ஒரு திருத்தம் இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டு மூன்று மணி பஸ்ஸைப் பிடிக்கலாமா என்று பார்க்கிறேன். நீங்கள் போகக்கூடாது என்றாலும் சரிதான்.

ஃபிரிட்ஜ் எண்பத்திரண்டில் வந்தது. டிரங்குப் பெட்டி அளவு, தூக்கிப்போக ஒரு கைப்பிடி. ஜீப்பில் வைத்தால் பேட்டரியில் ஓடும், ஆஸ்பத்திரியில் வைத்தால் கரண்டில் ஓடும். தடுப்பூசி முகாமுக்கு அதைத்தான் கொண்டுபோவோம். உள்ளே ஒரு திருகு, ஒன்றிலிருந்து ஏழு வரை. எது அதிகக் குளிர் என்றுகூட யாரும் சொல்லவில்லை. முதல் கோடையில் நான் இரண்டில் வைத்தேன். சித்திரை வெயிலில், ஜீப்புக்குள்ளேயே, போலியோ சொட்டு மருந்து அத்தனையும் சூடாகிக் கெட்டுப்போனது. எனக்கு மெமோ வந்தது. இருபத்தாறு வருடத்தில் அது ஒன்றுதான். பியூன் உட்பட எல்லோரும் படித்தார்கள்.

அடுத்த சித்திரையில் ஏழில் வைத்தேன். அந்தக் கோடை முழுவதும் ஒரு சொட்டு கெடவில்லை. ஜில்லென்று இருந்தால் மருந்து நன்றாக இருக்கும் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். சூட்டில் ஒரு தடவை அடி வாங்கியவன் குளிரைப் பற்றி யோசிக்க மாட்டான். ஆடி போனது, ஐப்பசி மழை போனது, திருகு ஏழிலேயே நின்றது. மார்கழியில் ஒரு காலை கதவைத் திறந்தேன். கர்ப்பிணிகளுக்குப் போடுகிற ரணஜன்னி ஊசி மருந்து, அதாவது டெட்டனஸ் தடுப்பு மருந்து, புதிதாக வந்த நாற்பது பாட்டில், எல்லாம் கல்லாக உறைந்திருந்தது.

உறைந்தால் பயன்படுத்தக் கூடாது என்று ஃபிரிட்ஜ் கதவிலேயே ஒரு தாள் ஒட்டியிருந்தது. என் கையெழுத்துதான். சர்க்குலர் வந்தபோது நானே தமிழில் எழுதி ஒட்டினேன். கரைந்த பிறகு ஒரு பாட்டிலைக் குலுக்கி மேசையில் வைத்தேன். நல்ல மருந்து மோர்த்தண்ணீர் மாதிரி ஒரே கலங்கலாக நிற்கும். இது ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் அடியில் திரிதிரியாக உட்கார்ந்து மேலே தெளிந்துவிட்டது. திருகை மூன்றுக்குக் கொண்டுவந்தேன். அன்றிலிருந்து அது மூன்றில்தான் இருக்கிறது. பிறகு அந்தத் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

மேலிடத்துக்கு எழுதியிருக்கலாம். இரண்டாவது மெமோ வந்திருக்கும். ஓய்வுபெற மூன்று வருடம்கூட இல்லாதபோது, இத்தனை வருடம் சேர்த்த பேர் போயிருக்கும். அதைக்கூட விடுங்கள். புது மருந்து வர மூன்று மாதமாவது ஆகும். எங்கள் ஊர்ப் பெண்களை ஊசி போட்டுக்கொள்ள வரவைக்க நர்ஸ் ஒச்சாயி வீடு வீடாக ஏறி இறங்கி நாலு வருடம் பேசியிருக்கிறாள். மருந்து இல்லை என்று ஒரு தடவை திருப்பி அனுப்பினால் அப்புறம் ஒருத்தியும் வாசல்படி மிதிக்க மாட்டாள். இப்படியெல்லாம் யோசித்தேன். தாளில் பயன்படுத்தக் கூடாது என்று இருந்ததே தவிர, வேலை செய்யாது என்று இல்லை. அந்த மருந்து வேலை செய்யாது என்று எனக்கு உறுதியாகத் தெரியாது. இந்த வரியை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள் ஐயா.

தை மாதத்திலிருந்து அதைத்தான் எடுத்துக் கொடுத்தேன். புதன்கிழமை ஊசி நாள். இரண்டாவது வாரமே ஒச்சாயி பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"அண்ணே, இதென்ன திரிதிரியாக் கெடக்கு?"

"நல்லாக் குலுக்கிப் போடும்மா" என்றேன்.

அவள் குலுக்கினாள். என் பேச்சை அவள் ஒரு நாளும் தட்டியதில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு புதன்கிழமையும் அவள் குலுக்குகிற சத்தம் என் அறைக்குக் கேட்கும்.

பங்குனியிலிருந்து குழந்தைகள் போக ஆரம்பித்தன. பிறந்து ஒரு வாரம் நன்றாக இருக்கும், பிறகு பால் குடிக்காது. வாய் திறக்காது. தொட்டால் உடம்பு வில்லாக விறைக்கும். எங்கள் பக்கம் அரிவாளால் தொப்புள்கொடியை அறுத்து சாம்பல் வைக்கிற பழக்கம் இன்னும் விடவில்லை, அதற்காகத்தான் தாய்க்கு ஊசியே போடுகிறோம். ஊரில் பட்சி தோஷம், பறவை நிழல் பட்டுவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். நான் மறுத்துப் பேசவில்லை. ஆடி வரைக்கும் ஐந்து குழந்தைகள் ஐயா. ஐந்து வீட்டுக்கும் துக்கம் கேட்கப் போனேன். போகாமல் இருந்தால் நன்றாக இருக்காது.

அந்தத் தாய்மாரில் ஒருத்தி அன்னக்கொடி. அடுத்த தெருதான், முறைக்கு என்னைச் சித்தப்பா என்று கூப்பிடுவாள். கல்யாணமாகி ஆறு வருடம் கழித்துத் தரித்த பிள்ளை. எட்டாம் நாள் என்னைத்தான் கூப்பிட்டு அனுப்பினாள். பார்த்ததும் தெரிந்துவிட்டது. மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னேன். உசிலம்பட்டி தாண்டுவதற்குள் பஸ்ஸிலேயே முடிந்துபோனது. மறுநாள் நான் போனபோது அவள் அழவில்லை.

"ரெண்டு ஊசியும் தவறாமப் போட்டேனே சித்தப்பா. அப்புறம் எப்பிடி?"

எல்லாம் நேரம்மா என்று சொல்லிவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு அந்தத் தெரு வழியாக நடப்பதை விட்டுவிட்டேன். சுற்றிக்கொண்டு போனால் கால் கிலோமீட்டர் கூடுதல்.

பிறகு உங்கள் விசாரணை வந்தது. ஊசியை ஒச்சாயி சரியாகக் கொதிக்க வைக்காமல் விட்டிருக்கலாம் என்று போன மாதம் நான் சொன்னேன். விட்டிருக்கலாம் என்றுதான் சொன்னேன், விட்டாள் என்று சொல்லவில்லை. அவளைத் தற்காலிக வேலை நீக்கம் செய்தீர்கள். முந்தாநாள் அவள் என் வீட்டுக்கு வந்தாள். என்மேல் சந்தேகப்பட்டு வரவில்லை. தனக்காகச் சாட்சி சொல்லும்படி கேட்க வந்தாள். "நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும்ணே, நம்புவாக" என்றாள். என் மனைவி காபி கொடுத்தாள், குடித்துவிட்டுப் போனாள். அவள் போன பிறகு என்னால் எழுந்திருக்க முடியவில்லை. காய்ச்சல் இல்லை, ஒன்றுமில்லை, வெறும் அசதி. இதைத் தூக்கிக்கொண்டு இன்னும் இரண்டு வருடம் அந்த அறைக்குப் போய் உட்கார என்னால் ஆகாது. திருத்தம் இதுதான்: அவள் ஒவ்வொரு தடவையும் கொதிக்க வைத்தாள். நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், எப்படியும் நீங்கள் கண்டுபிடிப்பீர்கள். என் மகள் இருளாயியும் அன்னக்கொடியும் ஒரே சமயத்தில்தான் முழுகாமல் இருந்தார்கள். தை மாதம் ஒரு புதன்கிழமை இருளாயியை மதுரைக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். பஸ்ஸுக்கு நிற்கும்போது அவள் கேட்டாள், "ஏப்பா, நம்ம ஆஸ்பத்திரிலயே ஊசி இருக்கே, எதுக்கு அம்புட்டுத் தூரம்?" அங்கே டாக்டரம்மா ஒரு தடவை பார்த்துவிடட்டும் என்றேன். அப்போது அன்னக்கொடி அந்த வழியாக வந்தாள். தலையில் பூ வைத்திருந்தாள்.

"எங்க சித்தப்பா கெளம்பிட்டீக? இன்னைக்கு ஊசி நாளுல்ல?"

"நர்சம்மா இருக்கா தாயி. நீ போ."

அவள் போனாள். பஸ் வந்தது, நாங்கள் ஏறினோம். மதுரையில் இருளாயிக்குப் போடும் முன் பாட்டிலைக் கேட்டு வாங்கி, குலுக்கி, வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். கலங்கல் கலையாமல் நின்றது. அடுத்த மாதமும் அங்கேதான் கூட்டிப்போனேன். பேரன் இப்போது குப்புற விழுகிறான்.

அந்த மருந்து வேலை செய்யாது என்று எனக்கு உறுதியாகத் தெரியாது என்று ஒரு வரி எழுதச் சொன்னேனே ஐயா, அதை அடித்துவிடுங்கள். அடித்த இடத்தில் நான் கையெழுத்துப் போடுகிறேன்.