புத்னி கடைக்குக் கீழே இருந்த தூண்கள்

தேநீரில் சர்க்கரை தூக்கலாக இருந்தால்தான் எனக்குப் பிடிக்கும். இந்த ஜரியா நிலக்கரி ஊரில் என் நாக்குக்கு ஏற்றபடி போட்டவள் புத்னி பௌரி ஒருத்திதான். சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பின் முனையில் அவள் கடை. தினமும் காலையில் அங்கேதான் நிற்பேன்.

"என்ன சாகேப், பூமிக்குள்ள கெடக்கறத எல்லாம் எண்ணியாச்சா? மேல இருக்கற எங்களையும் ஒருவாட்டி எண்ணுங்க" என்று வம்புக்கு இழுப்பாள். நானும் சிரிப்பேன்.

என் வேலை அதுதான், ஐயா. எஃகு உலைக்கான நிலக்கரி அடியில் எவ்வளவு இருக்கிறது, அதில் எவ்வளவு வெட்டி எடுக்கலாம் என்று மதிப்பிடுவது. மேலே உள்ள மண் விழாமலிருக்க நிலக்கரியையே தூண் தூணாக விட்டுவைத்திருப்பார்கள். மேலே வீடு இருந்தால் அந்தத் தூண்களை வெட்டி எடுக்கும் கணக்கில் சேர்க்கக் கூடாது.

போன வருடம் மேனேஜர் திரிவேதி என்னைக் கூப்பிட்டார். "மிஷ்ராஜி, இருப்பு இவ்வளவுதான்னா சுரங்கத்துக்குப் பூட்டுதான். பொண்டாட்டி புள்ளையோட நீங்க எந்தக் காட்டுக்குப் போவீங்களோ."

சுரங்கத்தை மூடக் கூடாது என்று குடியிருப்பு ஆட்களும்தான் கொடி பிடித்தார்கள். எல்லோருக்கும் நல்லது என்று அவர்கள் வீடுகளுக்குக் கீழே இருந்த தூண்களைச் சேர்த்தேன். வெட்டிய இடத்தை மணலால் நிரப்ப வேண்டும் என்றும் எழுதினேன். எங்கள் சுரங்கத்துக்கு ஆற்று மணல் வந்து வருடக்கணக்காகிறது. அது எனக்குத் தெரியும்.

வெட்டினார்கள். மழைக்காலத்தில் ஒரு விடியலில் குடியிருப்பின் முனை அப்படியே உள்ளே இறங்கியது. பக்கத்து வீடுகள் இரண்டு போயின. அடுப்பு மூட்ட எழுந்த புத்னியும் கடையோடு போய்விட்டாள். அடியில் நிலக்கரி தீப்பிடித்து, பள்ளத்திலிருந்து புகை நிற்கவே இல்லை. உடல்களைக்கூட எடுக்க முடியவில்லை.

மனசு அறுக்கிறது, ஐயா. சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் இப்படி ஆகும் என்று நான் நினைக்கவே இல்லை. அதை மட்டும் உங்கள் விசாரணை அறிக்கையில் எழுதிக்கொள்ளுங்கள்.

அன்று காலை நான் ஏன் அங்கே இல்லை என்று கேட்கிறீர்கள். அங்கே தூண் வெட்ட ஆரம்பித்த நாளிலிருந்தே ரயில்வே கேட் பக்கத்துக் கடைக்கு மாறியிருந்தேன். ஒருநாள் வழியில் புத்னி மடக்கினாள். "ஏன் சாகேப், என் சாயா கசந்துபோச்சா?"

டாக்டர் சர்க்கரையை விடச் சொல்லிவிட்டார் என்றேன்.

"அட, சொல்லியிருந்தா சர்க்கரை இல்லாமலே போட்டுத் தந்திருப்பேனே. நாளைக்கு வாங்க."

வருகிறேன் என்று சொல்லிவிட்டு, சுற்று வழியாக வீட்டுக்குப் போனேன்.