மூன்றாவது ஓலை

எங்கள் வீட்டுக் காபி கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும், சுடர்விழி. போன மாதம் வந்திருந்தபோது முகம் சுளிக்காமல் குடித்தீர்கள். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே என் தம்பியைப் பற்றிக் கேட்டீர்கள்: "ரெமிஜியஸ் சாரை எந்த டாக்டர்க்கா பாக்குறாங்க?" பஸ் வந்துவிடும் என்று சொல்லி உங்களை அனுப்பிவிட்டேன். பஸ் வர இருபது நிமிடம் இருந்தது. அதற்கான பதில்தான் இந்த மின்னஞ்சல்.

நம் குழுவை 2006இல் தொடங்கினேன். மனச்சிதைவு வந்தவர்களின் அண்ணன் தம்பிகளுக்கும் அக்கா தங்கைகளுக்கும் தமிழில் அப்போது இணையத்தில் எதுவும் என் கண்ணில் படவில்லை. நோயாளிக்கு டாக்டர் இருக்கிறார். பெற்றவர்களைப் பார்த்து ஊர் உச்சுக்கொட்டுகிறது. கூடப்பிறந்தவர்களை யாரும் ஏனென்று கேட்பதில்லை. கும்பகோணத்தில் ஜெகபர் அலி பாயின் பிரவுசிங் சென்டரில் எனக்கு வேலை. துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போகிறவர்களுக்கு பாஸ்போர்ட் விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பேன். ஊரையே விமானம் ஏற்றிவிட்டு, கடையில் ஆள் இல்லாத நேரத்தில் குழுவைப் பார்ப்பேன். அங்கே எல்லோருக்கும் புனைபெயர். நான் 'மூத்தவள்'. உங்கள் அக்கா மாத்திரையைத் துப்பிவிடுகிறாள் என்று நீங்கள் அழுது எழுதிய அன்று, பொடித்துக் காபியில் கலந்து கொடுக்கச் சொன்னவள் நான்தான். என் கடைசித் தம்பி கிளாட்சனுக்கு அப்படித்தான் கொடுத்துவந்தேன். தனக்கு நோய் இருப்பதாகவே அவன் ஒத்துக்கொள்ள மாட்டான்.

கிளாட்சனுக்குப் பத்தொன்பது வயதில் வந்தது. எங்கள் ஊர் மாதா கோயில் மணி தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறது என்பான். ஒருமுறை கோபுரத்தில் ஏறி, மணியின் நாக்கில் துண்டைச் சுற்றிக் கட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தான். பெரிய வியாழன் இரவிலிருந்து ஈஸ்டர் பாஸ்கா வரை எங்கள் கோயிலில் மணி அடிக்க மாட்டார்கள், மரப்பலகையைத்தான் தட்டுவார்கள். வருடத்தில் அந்த நாட்களில் மட்டும் அவன் நிம்மதியாகச் சாப்பிடுவான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1998இல் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை தரங்கம்பாடி, தபால் இலாகா. கிளாட்சனுக்கு நரம்புத் தளர்ச்சி என்று மட்டும் அவர்கள் வீட்டில் சொல்லியிருந்தோம். எங்கள் வழக்கப்படி கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் சொல்லலாம் என்று பூசையில் அறிவிப்பார்கள். முதல் ஓலையில் என் பெயரைக் கேட்டபோது எனக்குக் காது சிவந்துவிட்டது. இரண்டாவது ஓலைக்கு அம்மா மரியபுஷ்பம் புதுச்சேலை கட்டிக்கொண்டு வந்தார். அந்த வாரமே மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு மொட்டைக் கடிதம் போனது. பெண்ணின் தம்பி பைத்தியம், வீட்டில் கட்டிப்போட்டு வைத்திருக்கிறார்கள், பிறக்கும் பிள்ளைக்கும் வரும் என்று. மூன்றாவது ஓலை வாசிக்கப்படவில்லை. நாங்கள் கிளாட்சனை ஒருநாளும் கட்டிப்போட்டதில்லை.

எழுதியது பக்கத்து வீட்டு ரெங்கம்மாள்தான் என்று நாங்கள் முடிவு கட்டினோம். அவருக்கும் எங்களுக்கும் வாய்க்கால் தண்ணீரில் தகராறு இருந்தது. பன்னிரண்டு வருடம் அவரோடு நான் ஒரு வார்த்தை பேசவில்லை. ரெங்கம்மாள் செத்தபோது எங்கள் கதவைச் சாத்திவைத்தேன். அம்மாவும் அதற்கு முன்பே போய்விட்டார். நடுத்தம்பி ரெமிஜியஸ் என் கல்யாணம் நின்ற மறுவருடம் கம்ப்யூட்டர் வேலைக்கு டொரண்டோ போனான். ஃபிளோராவைக் கட்டினான், ஒரு பெண் குழந்தை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வான். "நீ தெய்வம்க்கா" என்பான். தெய்வத்துக்கு யாரும் டிக்கெட் அனுப்புவதில்லை.

2010இல் குழுவில் 'வடக்கத்தி' என்ற பெயரில் ஒருவர் சேர்ந்தார். இரண்டாவது வாரம் எழுதினார்: "என் தம்பிக்கு ஆண்டில் மூன்று நாள்தான் நிம்மதி. கோயில் மணி அடிக்காத நாட்கள்." ஜெகபர் அலி பாய் அப்போது எனக்கு டீ வாங்கி வைத்திருந்தார். அது ஏடு கட்டும்வரை அந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்தான் அக்கா என்று ரெமிஜியஸிடம் சொல்லிவிடத்தான் நினைத்தேன், சத்தியமாக. கூச்சமாக இருந்தது, தள்ளிப்போட்டேன். ஒரு மாதம் கழித்து 'மூத்தவள்' பெயருக்கு அவன் தனியாக எழுதினான். யாரிடமும் சொல்லாத ஒன்றை இறக்கிவைக்க வேண்டுமாம். அக்கா கல்யாணமாகிப் போய்விட்டால் தம்பி தன் தலையில் விழுவான், விசா கைக்கு வரும் நேரம், அதனால் மாப்பிள்ளை வீட்டுக்கு இடது கையால் ஒரு கடிதம் எழுதினானாம். "என்னை மன்னிக்க முடியுமா?" என்று கேட்டிருந்தான்.

"உங்கள் நிலையில் யாரும் அதைத்தான் செய்திருப்பார்கள்" என்று பதில் போட்டேன். பிறகு வீட்டுக்கு வந்து, ரெங்கம்மாள் வீட்டுப் பூட்டிய கதவைப் பார்த்து நின்றேன். எனக்கு வந்தது அழுகை இல்லை. வயிறு எரிந்தது. அவன் சாக வேண்டும் என்று ஒருபோதும் நினைத்ததில்லை. செத்தவனுக்கு ஒன்றும் தெரியாது. அவன் எழுதிய கடிதத்தில் இருந்ததை அவனே வாழ்ந்து பார்க்க வேண்டும் என்று நினைத்தேன்.

தூக்கம் வரவில்லை என்று எழுதுவான். குற்ற உணர்ச்சிக்காரனுக்கு ஏது தூக்கம்? கூடப்பிறந்தவர்களுக்கும் இந்த நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்று எழுதினேன். அது உண்மை. பத்தில் ஒன்பது பேருக்கு வராது என்பதும் உண்மை, அதை எழுதவில்லை. யாராவது பெயர் சொல்லிக் கூப்பிடுவதுபோல் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றான். கவனித்துப் பாருங்கள் என்றேன். மூன்றாம் வாரம், ஃபிரிட்ஜ் சத்தத்தில் ஏதோ கேட்கிறது என்றான். டாக்டரிடம் போகலாமா என்றான். பதிவாகிவிடும், வேலைக்கு ஆபத்து, முதலில் ஒரு நோட்டில் தினமும் குறித்துவாருங்கள் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை போனில் நான் வெறும் அக்கா. வீட்டு ஓடு மாற்றியாகிவிட்டது என்று ஒரு வாரம் சொல்வேன். அடுத்த வாரம் அவன் அதைக் கேட்டால், "ஓடா? நான் எப்ப தம்பி சொன்னேன்?" என்பேன். கொஞ்சம் பயந்த குரலில், "உனக்கு உடம்புக்கு ஏதும் இல்லையே?" என்பேன். அதையும் நோட்டில் எழுதிவைத்துக்கொள்வான், எனக்கே அனுப்புவான். பதினாலு மாதம் இப்படிப் போனது. மனைவியிடம் சொல்லிவிடுங்கள், நோட்டையே காட்டிவிடுங்கள் என்று கடைசியில் 'மூத்தவள்' சொன்னாள். நோட்டைப் படித்த ஃபிளோரா, அவன் குணமாகும்வரை பிள்ளையோடு தன் அண்ணன் வீட்டில் இருப்பதாகச் சொல்லிப் போய்விட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். அதற்குள் அவனுக்கு வேலையும் போயிருந்தது. வாய்க்காலில் தண்ணீர் வந்த வாரத்தில், ஒரு பெட்டியோடு வந்து இறங்கினான்.

இங்கே வந்து ஆறு வாரத்தில் தேறிவிட்டான். நன்றாகத் தூங்கினான். கிளாட்சனைக் கூட்டிக்கொண்டு ஆற்றங்கரை வரை நடந்தான். ஒருநாள் மாலை கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அக்கா, எனக்கு ஒண்ணுமே இல்லன்னு தோணுதுக்கா. நானாத்தான் போட்டுக் கொழப்பிக்கிட்டேன். திரும்பிப் போகட்டுமா? பாப்பா தேடுதாம்."

"கிளாட்சனும் அப்படித்தாம்ப்பா சொல்றான், எனக்கு ஒண்ணும் இல்லன்னு" என்றேன்.

கையில் இருந்த கீரைத்தண்டைக் கீழே போட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தான். மறுநாள் காலை இரண்டு டம்ளரிலும் மாத்திரையைப் போட்டு ஆற்றினேன்.

அது நடந்து மூன்று வருடமாகிறது. அவன் நாள் முழுக்கத் தூங்குகிறான், கை நடுங்குகிறது, பேச்சு குழறுகிறது. பார்ப்பவர்கள் நோய் என்கிறார்கள். அது மருந்து. அவனுக்கு நோய் இருந்ததே இல்லை. அவனை எந்த டாக்டரும் பார்த்ததில்லை, சுடர்விழி. கிளாட்சனின் மருந்துச் சீட்டில் இரண்டு பேருக்கும் வாங்குகிறேன், வேறு வேறு கடைகளில். மகள் போன் செய்தால், அப்பா தூங்குகிறார் என்று சொல்கிறேன். பொய் இல்லை. போன வாரம் அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் ஒனக்கு ஒரு பாவம் பண்ணிட்டேன்க்கா" என்று ஆரம்பித்தான். என்னவென்று சொல்வதற்குள் தூங்கிவிட்டான்.

இரண்டு தம்பிகளையும் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று குழுவில் எழுதியபோது நாற்பத்தொரு பேர் ஆறுதல் சொன்னீர்கள். ஒவ்வொன்றையும் படித்து அழுதேன். அந்த ஆறுதல் எனக்கு உரியதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

குழுவின் பாஸ்வேர்டைக் கீழே தந்திருக்கிறேன், இனி நீங்கள் நடத்துங்கள். போலீசுக்குச் சொல்வதானால் தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் காலை ஏழு மணிக்கு முன்னால் அனுப்ப வேண்டாம். ரெமிஜியஸுக்குக் காபி கொடுக்க வேண்டும். பாவம், என்னை விட்டால் அவனுக்கு யார் இருக்கிறார்கள்?