காஸ் நிலத்தோடுதான் கிடக்கும்

படுத்திருக்கிறேன். கிணற்றுக் கட்டுக்குப் பின்னால். முகம் சிமெந்தில். கை இரண்டும் காதில். எண்ணுகிறேன். ஒன்று. இரண்டு. மூன்று.

முதலில் "டொக்". பிறகு விசில். சனிக்கிழமை காலை, பத்து இருபது. இந்த இரண்டு சத்தமும் இந்த ஒழுங்கில் வந்தால் எங்களுக்கு ஒரே அர்த்தம்தான். அங்கே ஆமிக்காரன் ஷெல் குத்திவிட்டான். இங்கே விழப்போகிறது.

"படுங்கோ! எல்லாரும் படுங்கோ!"

கத்தியது நான். போர் முடிந்து எத்தனையோ வருடம். கொழும்புத்துறையில், எங்கள் சொந்த வளவில், பட்டப்பகலில் கத்தினேன். விசரி என்று நினைப்பீர்கள். நினையுங்கள். அங்கே நின்றவர்கள் அப்படி நினைக்கவில்லை. கொட்டிலுக்குள் மூன்று பேர் அந்த நொடியே நிலத்தில் விழுந்தார்கள்.

ஏழு. எட்டு. ஒன்றும் விழவில்லை. விசில் மட்டும் நிற்காமல் வருகிறது. ஷெல் இவ்வளவு நேரம் கூவாது.

என் மனுசன் யோகராசா சின்னக் காஸ் போத்தல் நிரப்புகிறவர். கூடாரம் அடிக்கப் போகிறவர்கள் கையில் தூக்கிக்கொண்டு போவார்களே, தலையில் அடுப்பைப் பூட்டித் தேத்தண்ணி வைக்கிற போத்தல், அது. தீவுப் பக்கம் போகிற பொடியள் வருவார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைகள் வருவார்கள். பிறகு நாடு முழுக்கக் காஸ் இல்லாமல் போனது. கடற்கரையில் விளையாட்டுக்குச் சமைக்க வாங்கின போத்தலில் வீட்டுச் சோறு வெந்தது. எங்கள் வளவுக்குள் ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

பெரிய சிலிண்டரை மேசையில் தலைகீழாக வைப்பார். ஓஸ் பைப்பைப் பூட்டுவார். சின்னப் போத்தலை ஐஸ் வாளிக்குள் இருத்துவார். குளிர்ந்தால்தான் காஸ் இறங்கும். தராசில் நிறுப்பார். ஐந்தில் ஒரு பங்கு வெறுமையாக விடுவார். "முட்ட விடுங்கோ அண்ணை" என்று கேட்டவனுக்கு ஏச்சுத்தான் கிடைக்கும். பைப்பின் கிளிப் மட்டும் தேய்ந்திருந்தது. புதியது தேடிக் கடை கடையாக அலைந்தார். இல்லை. அந்த மாதம் எதுதான் இருந்தது? கம்பியால் இறுக்கிக் கட்டினார். நாசமாய்ப் போகட்டும் அந்தக் கம்பி என்று இப்போது வாயில் வருகிறது. அப்போது நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

வருகிற எல்லோருக்கும் ஒன்றைச் சொல்வார். "காஸ் மேலை போகாது. நிலத்தோடைதான் கிடக்கும். மணம் வந்தா எழும்பி ஓடுங்கோ." அலுப்புத் தட்டும் அளவுக்குச் சொல்வார்.

அவருக்கு இடது காது கேளாது. வன்னியில் இருந்தபோது பக்கத்தில் விழுந்த ஷெல் அதைக் கொண்டுபோனது. அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு பேச்சு. என் காதுதான் அவருக்கும் காது. "நீ கத்து, நான் படுக்கிறன். ஏன் எண்டு கேக்க மாட்டன்" என்றார். கேட்டதில்லை. மூன்று தடவை அப்படித்தான் தப்பினார்.

அந்தச் சனிக்கிழமை கொட்டிலில் இருந்தவர்கள் இவர்கள். அவர். படகில் கொண்டுபோகிற போத்தலோடு அன்ரன் அண்ணை. பக்கத்து வீட்டுப் பூமணி அக்கா. அவரின் தம்பி மகள் ஷாலினி. சுவிசில் பிறந்த பிள்ளை, கூட்டாளிகளோடு கூடாரம் அடிக்கப் போவதற்குப் போத்தல் நிரப்ப வந்தவள். நான் கொட்டில் ஓரத்தில் விறகடுப்பு மூட்டியிருந்தேன், வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்க. காஸ்காரன் வீட்டில் விறகடுப்பு. இருந்த காஸ் எல்லாம் சனத்துக்குத்தானே போனது. எரிகிற அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வாளியோடு கிணற்றடிக்குப் போனேன். கம்பி அறுந்தது. பைப் கழன்று மேசையில் அடித்தது. அதுதான் அந்த "டொக்". காஸ் சீறியதுதான் விசில்.

தலையைத் தூக்கிப் பார்க்கிறேன். வெள்ளைப் புகை. சோற்றுக் கஞ்சி வடிந்த மாதிரி நிலத்தில் பரவுகிறது. அதற்குள் மூன்று பேர் குப்புறக் கிடக்கிறார்கள். ஷாலினி மட்டும் நிற்கிறாள். பூமணி அக்கா அவளின் கையைப் பிடித்துக் கீழே இழுக்கிறார்.

"படு பிள்ளை!"

"மாமி, காஸ்! எழும்புங்கோ!"

பிள்ளை கையை உதறினாள். ஓடினாள். படலை தாண்டி றோட்டுக்குப் போனாள்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஐயோ கடவுளே. புகை அடுப்பை நோக்கிப் போகிறது.

"எழும்புங்கோ! ஓடுங்கோ! எழும்புங்கோ!"

அன்ரன் அண்ணை முழங்காலில் எழும்பினார். பூமணி அக்கா தலையைத் தூக்கினார். என் மனுசன் அசையவில்லை. வலது காது நிலத்தில். செத்த காது என் பக்கம். தொண்டை கிழியக் கத்தினேன். அவருக்குக் கேட்ட கடைசிக் கட்டளை "படு" என்பதுதான்.

நெருப்பு முதலில் நீலம். பிறகு மஞ்சள். சத்தம் "பும்". நான் கேட்ட வெடிகளில் அது மிகச் சின்னது.

வாளித் தண்ணீரை ஊற்றினேன். இன்னொரு வாளி. பிறகு கையால் இழுத்தேன்.

அன்ரன் அண்ணை அன்று பின்னேரம் போனார். பூமணி அக்கா மறுநாள் விடிய. என் மனுசன் ஆஸ்பத்திரியில் நான்கு நாள் கிடந்தார். மூன்றாம் நாள் மத்தியானம் என்னைக் கிட்டக் கூப்பிட்டார். உதடு மட்டும்தான் அசைந்தது.

"நீ கத்தினபடியாத்தான் உயிரோடை கிடக்கிறன். இந்த முறையும் நீதான் காப்பாத்தினாய்."

"ஓம்" என்றேன்.

விசாரணைக்கு வந்தவர்கள் பைப்பைக் கேட்டார்கள். கம்பியைக் கேட்டார்கள். எழுதிக்கொண்டு போனார்கள். வளர்ந்த மூன்று மனிதர்கள், அதில் ஒருவர் காஸ் தொழில் தெரிந்தவர், ஏன் எழும்பி ஓடாமல் படுத்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. இந்த ஊர் ஆட்களுக்கு அது கேள்வியே இல்லை. செத்தவீட்டில் ஷாலினி மட்டும் கேட்டாள். "அன்ரி, ஏன் எல்லாரும் படுத்தவை?" அவளைக் கட்டிப்பிடித்து அழுதேன். பதிலை இப்போதுதான் எழுதுகிறேன்.

எரிந்தவை: கொட்டில். மேசை. தராசு. சின்னப் போத்தல் ஒன்பது. அன்ரன் அண்ணையின் சைக்கிள். என் வலது கையில் இரண்டு விரல் இனி மடங்காது.

போனவர்கள்: அன்ரன் அண்ணை, கடல் தொழிலாளி, அறுபத்தொரு வயது. பூமணி அக்கா, ஐம்பத்தெட்டு. யோகராசா, என் மனுசன், ஐம்பத்தாறு.

மூன்று பேர். மூன்று பேரும் என் சொல்லைக் கேட்டவர்கள்.