கண்ணாடிக்காரரின் இரண்டாம் பாதி

— உதென்ன தம்பி, டவலுக்குக் கீழ ஒளிச்சு வைச்சிருக்கிறீர்?

— ஒண்டுமில்லை அக்கா. குப்பை. கீழ போனவுடன எறிஞ்சு போடுவன்.

— குப்பையை ஆர் இவ்வளவு வடிவா மடிச்சு வைக்கிறது? பச்சையும் வெள்ளையுமா மப்ளர். உள்ளுக்க ஒரு கடுதாசியும் கிடக்குது.

— தவமலரக்கா, அதை விடுங்கோ. லிஃப்டின்ர மணியை இன்னொருக்கா அடியுங்கோ.

— அடிச்சு அடிச்சு விரல் நோகுது. இருவது நிமிசமா ரெண்டாம் மாடிக்கும் மூண்டாம் மாடிக்கும் நடுவில தொங்கிறம். திருத்த ஆள் வருகுதாம், மனேச்சர் போனில சொன்னவன். ஸ்ரீதரன்... ஸ்ரீதரன்! எடேய், உம்மைத்தான்!

— என்ன அக்கா?

— மூண்டு தரம் கூப்பிட்டாத்தான் திரும்புவீர். காது மந்தமோ உமக்கு? எனக்கு மூச்சு முட்டுது.

— மேல பாருங்கோ, காத்து வருகுதுதானே.

— காத்து வந்தென்ன! இங்க வர முதல் நான் ஜெர்மனிக்குப் போனது மீன் லொறிக்குள்ள. அண்டையில இருந்து கதவு பூட்டின இடத்தில நெஞ்சு படபடக்கும். கதையும் தம்பி. என்னத்தையாவது கதையும். ஒரு வருசமா இந்த ஹோட்டலில உம்மோட சேர்ந்து ஊத்தைத் துணி தள்ளுறன். "ஓம்", "இல்லை", "அதை விடுங்கோ". இந்த மூண்டையும் விட்டா உமக்கு வேற தமிழ் தெரியாதோ?

— எனக்கென்ன கதை தெரியும்.

— இந்த மப்ளரின்ர கதையைச் சொல்லும்.

— அது... ஒரு பந்தடிக் கிளப்பின்ர. போலந்தில ஒரு சின்ன ஊர். எனக்குத் தெரிஞ்ச ஒரு பெடியன் அங்க இருந்தவன். அவன் சொன்னதுதான்.

— சரி, அவன் சொன்னதைச் சொல்லும். நிப்பாட்டாமல் சொல்லும்.

— அந்த ஊரில ஒரு கண்ணாடித் தொழிற்சாலை. போத்தில், கிளாஸ் எல்லாம் வாயால ஊதிச் செய்யிறவை. அவைதான் கிளப்பைத் துவங்கினவை. பேரும் ஷ்க்லாஷ். கண்ணாடிக்காரன் எண்டு அர்த்தம்.

— ஷ்க்... வாய்க்குள்ள கல்லைப் போட்டமாதிரி ஒரு பேர்.

— உலைக்கு முன்னால நிண்டு ஊதின நெஞ்சு, அக்கா. முதல் பாதியில இவை சும்மா நிண்டு கோல் வாங்குவினம். ரெண்டாம் பாதியில மற்றவைக்கு இளைக்கும். இவை அப்பத்தான் ஓடத் துவங்குவினம். ஜெர்மன்காரன் பிடிச்ச காலத்தில போலந்துக்காரர் பந்தடிக்கக் கூடாதெண்டு தடை. அப்பவும் காட்டுக்குள்ள போய், மரத்தில சேட்டுகளைக் கட்டி, அதுதான் கோல் எண்டு விளையாடினவை.

— ம். பேந்து?

— பேந்து எழுபத்திரண்டில கோப்பைப் போட்டி. வார்சோவில இருந்து பெரிய கிளப் வந்தது. பாதி நேரத்தில மூண்டுக்குப் பூச்சியம். இனியென்ன எண்டு பாதி ஊர் எழும்பிப் போட்டுது. அவை வீட்டை போய்ச் சூப் குடிச்சுக் கொண்டிருக்கேக்க இங்க நாலு கோல். நாலுக்கு மூண்டு!

— ஐயோ! போனவை?

— இண்டைக்கும் அந்தக் குடும்பங்களுக்கு ஊரில பட்டம் "சூப்". பேரப்பிள்ளையள் பள்ளிக்கூடம் போனாலும், சூப் வருகுது, சூப் போகுது எண்டுதான்.

— ஹ்ஹா! நல்லா வேணும்.

— அதுக்குப் பிறகு ஒரு வழக்கம். இடைவேளைக்குக் கேற்றைப் பூட்டிப் போடுவினம். ரெண்டாம் பாதி முடியுமட்டும் ஒருத்தரும் வெளிய போகேலாது. திறப்பு மைதானம் பாக்கிற ஸ்தாஷெக்கின்ர பொக்கெற்றில.

— இப்ப எங்களைப் பூட்டி வைச்சிருக்கிற மாதிரி. சரி, இப்ப கிளப் எப்பிடி?

— தொழிற்சாலையைப் பூட்டிப்போட்டாங்கள். ஊதிற நெஞ்சு இல்லை. ஒவ்வொரு டிவிசனா இறங்கி, இறங்கி, கடைசியில பதினொரு பேருக்குச் சப்பாத்துக்கும் வழியில்லை. மைதானத்துக்குக் கோடு போட ஒருத்தரும் இல்லை. ஸ்தாஷெக்குக்கு முதுகு வளையாது. சுண்ணாம்பை வாளியில கையால கரைச்சு, மழைக்குள்ளயும் பனிக்குள்ளயும் அந்தக் கோட்டை நான்...

— நானோ?

— அவன். அந்தப் பெடியன்.

— ஹலோ! லிஃப்ட்! ஹவ் மெனி பீப்பிள்?

— டூ! டூ பீப்பிள்! கெதியாத் திறவுங்கோ! கடவுளே, வந்திட்டான். அவன் மற்றவனோட என்ன கத்துறான்?

— அக்கா, கதவில சாயாதேங்கோ, இப்பிடி வாங்கோ. நிலத்தில இருங்கோ. கரண்டை நிப்பாட்டப் போறாங்கள். லைற் போகும், பயப்பிடாதேங்கோ. கையால சுத்தி ஒரு அடி இறக்குவாங்களாம்.

— அம்மா! லைற் போட்டுது!

— என்ர கையைப் பிடியுங்கோ. இப்ப ஒருக்கா ஆடும்... ஆடீட்டுது. அவ்வளவுதான். பாருங்கோ, சின்ன லைற் எரியுது.

— தம்பி.

— என்னக்கா?

— அவன் கத்தினது இங்கிலீஸ் இல்லை. உமக்கெப்பிடி விளங்கினது?

— அதை விடுங்கோ அக்கா.

— போலந்தில இருந்த அந்தப் பெடியன் நீர்தான். என்ன?

— அக்கா, கும்பிட்டுக் கேக்கிறன். இதை ஒருத்தருக்கும் சொல்லிப் போடாதேங்கோ. அகதிக் கேசில நான் கொழும்பில இருந்து நேர வந்தனான் எண்டுதான் சொன்னது. போலந்தில மூண்டு வருசம் அகதி ஹொஸ்டலில கிடந்தது தெரிஞ்சால் அங்க திருப்பிடுவாங்கள். அங்க எனக்கு மறுத்தாச்சு. அங்கால நேர கொழும்புக்குத்தான் ஏத்துவாங்கள். இந்த வருசம் கொழும்பில இறங்கிற பெடியளுக்கு என்ன நடக்குதெண்டு உங்களுக்குத் தெரியாததோ?

— போலந்தில வைச்ச விரலடையாளம் காட்டிக் குடுக்குமே, தம்பி.

— ரெண்டு தரம் குறொய்டனில இமிக்கிரேசன் கந்தோருக்குக் கூப்பிட்டவங்கள். மெசினில விரல் விழேல்லை. சுண்ணாம்பு ரேகையைத் திண்டு போட்டுது. வாற செவ்வாய்க்கிழமை திரும்ப வரட்டாம்.

— அதுக்குத்தான் பிளீச்சுக்குக் கிளவுஸ் போடாமல் நிண்டனீரோ! நான் பேய்ச்சி, காசு மிச்சம் பிடிக்கிறீர் எண்டெல்லோ நினைச்சனான். காட்டும் கையை... எட கடவுளே. தோலே இல்லை.

— ஆனா ரேகை வளருது, அக்கா. நித்திரையால எழும்பி ஒவ்வொரு நாளும் பாக்கிறன். திரும்பத் திரும்ப வளருது.

— அப்ப இந்தப் பார்சல்?

— ஸ்தாஷெக் அனுப்பினது, நேற்று வந்தது. மைதானத்தை ஒரு சுப்பர்மாக்கெற்றுக்கு வித்துப்போட்டாங்களாம். பக்கத்துக் கிராமத்து வெளியில விளையாடுகினமாம். கோடெல்லாம் கோணல், நீ வந்து போடு எண்டு போனில சிரிக்கிறார் மனுசன். மைதானத்துக் கொட்டிலைத் துப்புரவாக்கேக்க என்ர கடிதம் கிடந்ததாம், மப்ளரோட அனுப்பியிருக்கிறார். அதைப் பற்றிக் கதைக்க நான் விடேல்லை. செவ்வாய்க்கு முதல் ரெண்டையும் எறியோணும். என்னட்டை ஒரு போலந்து எழுத்தும் இருக்கக் கூடாது.

— கடிதத்தில என்ன கிடக்குது?

— மறுப்பு.

— நீர் வாசிச்சனீரோ?

— எனக்குத் தமிழே பத்தொன்பது வயசிலதான் எழுத்துக் கூட்ட வந்தது, அக்கா. போலந்துக்காரனோட கதைப்பன், வாசிக்க ஏலாது. ஆனா முதல் வரியில இருக்கிற அந்தச் சொல்லின்ர முகம் தெரியும். ஒட்மாவியா. மறுக்கிறம் எண்டு. ஹொஸ்டலில எல்லாற்ற கடிதத்திலயும் அந்த முகம்தான். கண்டவுடன கடிதத்தைக் கொட்டிலுக்க எறிஞ்சுபோட்டு அடுத்த நாளே லொறி ஏறினனான்.

— கீழ சிவப்புப் பென்சிலால வட்டம் போட்டுக் கிடக்குதே? பக்கத்தில ஒரு சொல்லும் எழுதியிருக்கு.

— கிழவன் ஏதும் கிறுக்கியிருப்பார். தாங்கோ.

— பொறும். கதவு நாலு விரல் அகலத்துக்குத் திறந்திட்டுது. அவன்ர டோர்ச் தெரியுது. ஹலோ, மிஸ்டர்! ரீட்! ப்ளீஸ் ரீட் திஸ்!

— அக்கா! என்ன செய்யிறியள்! குடுக்காதேங்கோ, அவன் ஆரெண்டு தெரியாது!

— குடுத்தாச்சு. அவன் லிஃப்ட் திருத்திறவன், குறொய்டன்காரன் இல்லை. கேளும், வாசிக்கிறான்.

— மேடம், வை சூப்? ஹியர் ரிட்டன்... ஸூப்பா. சூப்!

— என்னவாம் தம்பி? சூப்போ? என்ன சூப்?

— ஸ்தாஷெக் எழுதினது அது. என்னைச் சொல்லுறார். இடைவேளையோட எழும்பிப் போனவன் எண்டு.

— அவனை முழுக்க வாசிக்கச் சொல்லும்! அவன்ர பாஷையில கேளும், இனி ஒளிச்சு என்ன!

— கேட்டிட்டன். வாசிக்கிறான்... முதலாம் வரி மறுப்புத்தானாம். அகதியா ஏற்கேல்லையாம்.

— பேந்து?

— ரெண்டாம் வரி... பொறுங்கோ, திரும்ப வாசிக்கச் சொல்லுறன்.

— சொல்லும் தம்பி!

— ஊருக்குத் திருப்பி அனுப்பினால் ஆபத்தெண்டு ஏற்றுக்கொள்ளுகினமாம். பாதுகாப்புக் குடுக்கினமாம். இருக்கலாமாம், வேலை செய்யலாமாம். கார்டை நேர வந்து எடுக்கட்டாம்.

— எப்பத்தைக் கடிதம்?

— போன வருசம் ஜூலை.

— எட சூப்பே! ஒரு வருசமா இங்க விரலை அவிச்சுக் கொண்டு நிண்டிருக்கிறீர்! அழாதையும். கதவு திறபடுது, கையைக் குடுக்கிறான், எழும்பும். இப்ப என்ன கேக்கிறான்?

— கடிதத்தில இருக்கிற ஆள் உள்ளுக்க நிக்கிறாரோ எண்டு கேக்கிறான். தயாபரன்.

— தயாபரனோ? அதார்? அப்ப இது வேற ஆற்றையோ கடிதமோ? ஸ்ரீதரன்! எடேய் ஸ்ரீதரன், உம்மைத்தான் கேக்கிறன்!

— தயாபரன் நான்தான், அக்கா. ஸ்ரீதரன் எண்டது, என்னை இங்க அனுப்பின ஏஜென்சிக்காரன் தந்த பேர். அந்தப் பேரை எத்தினை தரம் கூப்பிட்டாலும் இனி நான் திரும்பிப் பாக்கமாட்டன்.