இரண்டாவது ஜரிகைக் கண்டை அனுப்பியது பற்றி

என் பெயர் சாய்மா, தந்தை பெயர் அஹமது பாஷா, வயது பதினேழு. காஞ்சிபுரம் செவிலிமேட்டில், டவுன் பஸ் திரும்பும் இடத்துக்கு அடுத்த தெருவில் பெற்றோருடன் வசித்து வருகிறேன். பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கிறேன். என் தந்தைக்கும் அவருடைய தம்பி ஜாஹிர் சாச்சாவுக்கும் காந்தி ரோட்டுக்குப் பின்னால் உள்ள சந்தில் ஜரிகைக் கடை இருக்கிறது. வீட்டில் நாங்கள் உருதும் தமிழும் கலந்து பேசுவோம். உருதுவில் சொன்னதையும் இதில் தமிழில் எழுதியிருக்கிறேன்.

சப்-இன்ஸ்பெக்டர் சங்கரி மேடம் ஜரிகைப் புகார் பற்றி எங்கள் வீட்டுக்கு விசாரணைக்கு வந்தபோது என்னைப் பார்த்துக் கேட்ட கேள்விக்கு என் தந்தை பதில் சொன்னார். "அவளுக்கு ஒண்ணும் தெரியாது மேடம், ஸ்கூல் படிக்கிற பொண்ணு" என்றார். மேடம் அதை எழுதிக்கொண்டார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். எனக்குத் தெரியும். அதனால் இதை நானே எழுதுகிறேன். எல்லோரும் தூங்கிய பிறகு எழுதுவதால் பெரிய விளக்கைப் போட முடியவில்லை. எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும்.

என் அக்கா லுப்னாவை நான் ஆபா என்று கூப்பிடுவேன். அவர் சென்னையில் ஹாஸ்டலில் தங்கி மெட்டீரியல்ஸ் இன்ஜினியரிங் படிக்கிறார். அந்தப் பாடத்தில் இளநிலை படிப்பவர்களுக்கென்று ஓர் அறக்கட்டளை ஆண்டுதோறும் விருது கொடுக்கிறது. தங்கள் ஊரில் புழங்கும் ஒரு பொருளை எடுத்து, அது எதனால் ஆனது, எப்படிக் கெடுகிறது என்று சோதித்து எழுத வேண்டும். கிடைத்தவர்களுக்குப் படிப்பு முடியும் வரை கட்டணத்தை அவர்களே கட்டிவிடுவார்கள். ஆபா ஜரிகையை எடுத்துக்கொண்டார். கடைத்தெருவில் விற்கும் பல ஜரிகைகளை, அசல் என்று சந்தேகமில்லாத ஒன்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அவருடைய திட்டம். அந்தச் சந்தேகமில்லாத ஒன்று எங்கள் கடை ஜரிகை.

பக்ரீத் விடுமுறைக்கு வந்திருந்தபோது ஆபா கடைக்குப் போய் அப்பாவிடம் கேட்டார். நானும் கூடப் போயிருந்தேன். அப்பா சிரித்தார். "என்கிட்டயே வந்து அசல் இருக்குதான்னு கேக்கறியா?" என்று சொல்லி பீரோவைத் திறந்து, மேல் தட்டிலிருந்து ஒரு ஜரிகை நூல்கண்டை எடுத்தார். அதில் ஓர் இழையை இழுத்து நகத்தால் சுரண்டினார். எங்கள் ஊரில் ஜரிகை விற்பவர், வாங்குபவர் எல்லோரும் இப்படித்தான் பார்ப்பார்கள். மேலே சுற்றியுள்ள தகடு விலகியதும் உள்ளே இருக்கும் பட்டு நூல் சிவப்பாகத் தெரிந்தால் அசல், வெள்ளையாகத் தெரிந்தால் போலி. சிவப்பாகத்தான் தெரிந்தது. "இந்தா, உன் மிஷினும் இதே மாதிரி சுரண்டிப் பாக்கட்டும்" என்றார். "மிஷினுக்கு நகம் கிடையாதுப்பா" என்று ஆபா சொன்னார். அன்று கடையில் மூவரும் சிரித்தோம். சாச்சா ஊரில் இல்லை.

அதன் பிறகு ஆபா சென்னைக்குப் போய்விட்டார். கொஞ்ச நாள் கழித்து எனக்குப் போன் செய்தார். அந்த ஜரிகையைக் குறுக்கே வெட்டிப் பெரிய மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்ததாகவும், நடுவில் பட்டு, அதைச் சுற்றிச் செம்பு, செம்பின் மேல் மெல்லிய வெள்ளிப் பூச்சு, அதற்கு மேல் தங்க நிறம் என்று இருப்பதாகவும் சொன்னார். அசல் என்றால் அந்தச் செம்பின் இடத்தில் வெள்ளி இருக்க வேண்டும். "அப்போ அந்தச் சிவப்பு?" என்று கேட்டேன். "அது வெறும் சாயம்டா. செம்ப சுத்தறவன் பட்டுக்குச் சிவப்புச் சாயம் போடத் தெரியாதவனா?" என்றார். அப்படியும் தன் கையில் ஏதோ தப்பு நடந்திருக்கும், வேறு ஜரிகையோடு கலந்திருப்பேன் என்றுதான் சொன்னார். இன்னொரு கண்டு வேண்டும் என்றார்.

நான் அப்பாவிடம் சொன்னேன். செம்பு என்பதைச் சொல்லவில்லை, ஆபா மறுபடி கேட்கிறார் என்று மட்டும் சொன்னேன். "என் ஜரிகைய எத்தன வாட்டி வேணா போட்டுப் பாக்கட்டும்மா, எனக்கின்னா பயம்?" என்று சொல்லி அப்பா புதிதாக வந்த பெட்டியைப் பிரித்து, வேறொரு கண்டை எடுத்து என் கையில் கொடுத்தார். நான் அதைக் கடையிலேயே பிளாஸ்டிக் உறையில் போட்டு, நான்கு பக்கமும் டேப் ஒட்டி, பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள கூரியரில் கொடுத்தேன். விலாசத்தில் ஆபாவின் பேராசிரியர் பெயர்தான் இருந்தது. ஆபா அப்படித்தான் அனுப்பச் சொல்லியிருந்தார். உறையை அந்தப் பேராசிரியரே பிரித்தார் என்று பிறகு சொன்னார். அதிலும் செம்புதான் இருந்தது. ஆகவே ஆபா மாதிரியை மாற்றிவிட்டார் என்று எங்கள் வீட்டில் இப்போது சொல்வது பொய். இரண்டாவது கண்டு எங்கள் பெட்டியிலிருந்து அப்பாவின் கைக்கும், அங்கிருந்து என் கைக்கும், பிறகு கூரியருக்கும் போனது. நடுவில் ஆபா தொடவே இல்லை.

அதன் பிறகு ஆபாவுக்கு விருது அறிவித்தார்கள். கட்டுரையில் எங்கள் கடையின் பெயர் இல்லை. ஆனால் செய்தித்தாளிலிருந்து பேசியவர் மாதிரிகள் எங்கே கிடைத்தன என்று கேட்டதற்கு, முதல் மாதிரி எங்கள் வீட்டுக் கடையில் எடுத்தது, அதுவும் அசலாக இல்லை என்று ஆபா சொல்லிவிட்டார். அது அப்படியே படத்துடன் வந்தது. என் பெஞ்சில் என் பக்கத்தில் உட்காரும் கலைவாணி அந்தப் பக்கத்தை வகுப்பு முழுவதும் காட்டினாள். பிறகு தன் வீட்டுக்கும் எடுத்துக்கொண்டு போனாள். அவள் தந்தை கலியாணசுந்தரம் பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்கிறவர். எங்கள் கடையில்தான் ஜரிகை வாங்குவார்.

மறுநாள் அவர் கடைக்கு வந்தார். அப்போது நானும் அங்கே இருந்தேன். அவர் நெய்து கொடுத்த கல்யாணப் புடவைகளை ஜவுளிக்கடையில் மிஷினில் வைத்துப் பார்த்துத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். ஏன் என்று அதுவரை அவருக்குப் புரியவில்லையாம். "பாய், உங்க பொண்ணே பேப்பர்ல சொல்லிக்கிது. அப்போ நீங்க எனக்கு இன்னா குடுத்தீங்க?" என்று கேட்டார். அப்பா ஒரு கண்டை எடுத்து இழையைச் சுரண்டிக் காட்டினார். கலியாணசுந்தரம் அதைக் கையில் வாங்கவில்லை. "இந்தச் சிவப்ப பாத்துதான் பாய் நானும் மோசம் போனேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் சத்தம் போடவில்லை. அதன் பிறகுதான் அவர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார்.

கலியாணசுந்தரம் வந்துபோன அன்று இரவு ஜாஹிர் சாச்சா எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் சமையலறையில் இருந்தேன், கதவு திறந்திருந்தது. "அந்த மாதிரி நம்ம கடையோடதே இல்லன்னு சொல்லிடலாம் பாய்ஜான். பிரைஸ்க்கு ஆசப்பட்டு லுப்னாவே பஜார்ல மட்டமா வாங்கி நம்ம பேர போட்டுட்டான்னு சொல்லுங்க. முடிஞ்சுது கத" என்றார். "அவ என் பொண்ணுடா" என்றார் அப்பா. "பொண்ணு படிச்சுக்கினு போயிடுவா. கட எங்க போவும்?" என்றார் சாச்சா. "சாய்மாவுக்குத் தெரியுமே" என்றார் அப்பா. "தெரியாது" என்று அம்மீ சொன்னார். அம்மீ அப்போது எனக்குப் பக்கத்தில் நின்று பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்காமலே சொன்னார்.

அதன் பிறகு சாச்சா, மாதிரி எங்கள் கடையுடையது இல்லை என்று அந்த அறக்கட்டளைக்கு மெயில் அனுப்பினார். அவர்கள் விருதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கல்லூரியிலும் விசாரணை வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். போலி மாதிரியைக் கொடுத்ததாக முடிவானால் ஆபா அங்கே படிக்க முடியாது. வீட்டில் என் போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஆபாவோடு பேசி எவ்வளவு நாள் ஆயிற்று என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். அவர் கட்டிலில் இப்போது மடித்த துணிகளை வைத்திருக்கிறார்கள். கலைவாணி வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள். நான் அவளைக் குறை சொல்லவில்லை. ஒருநாள் அவளிடம் போய் நின்றேன். "எங்கப்பா தறியில உக்காரவே மாட்டேங்கறாரு சாய்மா" என்று மட்டும் சொன்னாள். அடுத்த வருடம் நானும் ஆபா படிக்கும் பாடத்துக்கே விண்ணப்பிக்க நினைத்திருந்தேன். அதைக் கேட்க வீட்டில் யாரும் இல்லை.

ஜரிகை வாங்கி வருவது சாச்சாதான். அவர் யாரிடம் வாங்கினார், செம்பு என்று அவருக்குத் தெரியுமா என்பது எனக்குத் தெரியாது. தெரியாததை நான் எழுத மாட்டேன். என் தந்தையைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். போலி என்று தெரிந்து விற்றவராக இருந்தால் அவர் தன் சரக்கைத் தானே பீரோவிலிருந்து எடுத்து மிஷினுக்கு அனுப்பியிருக்க மாட்டார், கேட்டவுடன் இரண்டாவது தடவையும் கொடுத்திருக்க மாட்டார். எல்லோரையும் போல அவரும் சிவப்பை நம்பினார். ஆபாவிடம் போன ஜரிகை எங்களுடையது இல்லை என்று அவர் மேடத்திடம் சொன்னதுதான் பொய். அந்தப் பொய் அவரைக் காப்பாற்றவில்லை, திருடனைப் போல ஆக்குகிறது. இதை அவரிடம் நேராகச் சொல்ல எனக்கு தைரியம் இல்லை. அவர் என்னை அடிக்க மாட்டார். ஆனால் ஆபாவைப் பற்றிப் பேசாமல் இருப்பதைப் போல என்னைப் பற்றியும் பேசாமல் இருந்துவிடுவார் என்று பயமாக இருக்கிறது.

நேற்று பள்ளி விட்டதும் காவல் நிலையத்துக்கு வந்தேன். சங்கரி மேடம் இல்லை. வாசலில் இருந்த பெண் காவலர், "பதினெட்டு ஆவலயா? அப்போ ஊட்லருந்து பெரியவங்க யாரனா கூட்டிக்கினு வாம்மா, அவங்களும் கையெழுத்து போடணும்" என்றார். சரி என்று சொல்லிவிட்டு பஸ் ஏறி வந்துவிட்டேன்.

இதில் எழுதியிருப்பவை நான் கண்ணால் பார்த்தவையும் காதால் கேட்டவையும் என் கையால் செய்தவையும்தான். யாரும் சொல்லிக்கொடுத்து எழுதவில்லை. திரும்ப ஒரு முறை படித்துப் பார்த்தேன், எல்லாம் உண்மை. என் கையெழுத்தைக் கீழே போட்டிருக்கிறேன். பெரியவர் போட வேண்டிய இடத்தில் கோடு மட்டும் போட்டு வைத்திருக்கிறேன். யாரைக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

(ஒப்பம்) அ. சாய்மா

உடன் இருந்த பெரியவர்: ______________