இரண்டாவது ஆக்சிஜன் டேங்க்

சாரல் காலத்தில் குற்றாலத்துப் பக்கம் யாருக்கும் நன்றாகப் பசிக்கும், இன்ஸ்பெக்டர் மேடம். நீங்கள் வாங்கித் தந்த புரோட்டாவை நான் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டதைப் பார்த்து அந்த ஏட்டு முகம் சுளித்தார். அவரிடம் சொல்லிவிடுங்கள், தண்ணீர் அப்படி.

கேட்டதற்கு வருகிறேன். நானும் துல்கர்னைனும் சேர்ந்து ஒரு யூடியூப் விமர்சன சேனல் நடத்தினோம். ‘கடைசிக் கலம்’ என்று ஒரு விண்வெளி சீரியல். வெள்ளிக்கிழமைதோறும் ஒரு எபிசோடு வரும். சனிக்கிழமை காலையில் குற்றாலத்துக்கு மேலே, தோப்பு ஓடையில் எண்ணெய்க் குளியல். தலை ஈரம் காய்வதற்குள் பாறையில் உட்கார்ந்து விமர்சனம் பேசிப் பதிவு செய்வோம். அவன் சிரிக்க வைப்பான். நான் லாஜிக் ஓட்டை கண்டுபிடிப்பேன். ‘முத்துகுமரன் கண்ணுக்குத் தப்பாது’ என்று கமெண்டில் எழுதுவார்கள். தென்காசி பஸ் ஸ்டாண்டில்கூட அதைச் சொல்லித்தான் கை கொடுப்பார்கள். மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவனுக்கு அது பெரிய விஷயம்.

ஒரு எபிசோடில் கேப்டன் தன் நண்பனைக் கலத்துக்கு வெளியே தள்ளிவிடுவார். இருக்கிற காற்று ஒருத்தருக்குத்தான் போதும். வேறு வழியே இல்லை, இதைவிட நியாயமான கொலை கிடையாது என்று பேசி, ஐந்துக்கு ஐந்து கொடுத்தேன். வீடியோ பிய்த்துக்கொண்டு போனது.

அடுத்த சனிக்கிழமை, ஓடைக் கரையில் துல்கர் முதுகுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

“ஏலே குமரா, கேப்டனுக்குப் பின்னால ரெண்டாவது ஆக்சிஜன் டேங்க் நிக்குதுலே. முள்ளு ஃபுல்லுல இருக்கு.”

“எந்த சீன்ல?”

“கதவு திறக்குத சீன்லதான். அவன் வேணும்னே கொன்னுருக்கான். நீ கொலைகாரனுக்கு வக்காலத்து வாங்கிட்டு இருக்க. இன்னைக்கு அதைத்தான் பேசப் போறேன். தலைப்புகூட ரெடி: குமரனுக்கு ஒரு மூக்குக்கண்ணாடி.”

“வேண்டாம் துல்கர். விட்டுரு.”

“போலே. இன்னைக்குத்தான் நம்ம சேனல்ல உருப்படியா ஒரு வீடியோ வரப்போவுது. சமீனா நேத்துலேர்ந்து விழுந்து விழுந்து சிரிக்கா.”

சமீனா அவன் மனைவி. அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அது எனக்குத் தெரியும். கைக்கெட்டும் தூரத்தில் ஒரு கல் கிடந்தது. பின்மண்டையில் அடித்தேன். எண்ணெய்க் கை, கல் வழுக்கி, அடி சரியாக விழவில்லை. திரும்பிப் பார்த்து, “ஏலே, விளையாடாத” என்றான். கையை மணலில் துடைத்துவிட்டு மறுபடி அடித்தேன். மண்டை உடைவது தேங்காய் உடைவது மாதிரி கேட்கும் என்பார்கள். எனக்கு ஈரத்துணி துவைக்கிற மாதிரிதான் கேட்டது. அப்புறம் முகத்தைத் தண்ணீருக்குள் அழுத்திப் பிடித்தேன். கால் உதைப்பது நிற்கக் கொஞ்ச நேரம் ஆனது. பாவம், வலியில் கிடக்கக் கூடாதே என்றுதான் விடாமல் பிடித்தேன்.

வழுக்கி விழுந்ததாக இருக்கட்டும் என்று, கரைமேல் கிடந்த அவன் உள்ளங்கால்களிலும் எண்ணெய் தேய்த்தேன். அங்கேதான் நீங்கள் பிடித்தீர்கள். இலஞ்சியில் பிறந்தவர் நீங்கள். பாறையில் நடக்கப் போகிற எவனும் இந்தப் பக்கம் உள்ளங்காலில் எண்ணெய் வைக்க மாட்டான் என்பது உங்களுக்குத் தெரியாதா? இதே ஓட்டை ஒரு சீரியலில் வந்திருந்தால் நானே கழுவிக் கழுவி ஊற்றியிருப்பேன்.

“தப்பாச் சொல்லிட்டேன்னு ஒரு வார்த்தை போட்டிருந்தா முடிஞ்சிருக்குமே” என்றீர்கள். நீங்கள் என்னைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை மேடம். வடகரையில் அவனை அடக்கம் பண்ணிவிட்டு வந்த அன்று சாயங்காலமே அந்த எபிசோடை மறுபடி பார்த்தேன். டேங்க் இருக்கிறது. முள்ளும் அவன் சொன்ன இடத்தில்தான் நிற்கிறது. உடனே வீடியோ போட்டேன்: கேப்டன் செய்தது பச்சைக் கொலை, நானே கண்டுபிடித்தேன், ஐந்துக்கு ஒன்று.

தப்பை ஒத்துக்கொள்ள நான் ஒருநாளும் வெட்கப்பட்டதில்லை.