பாஞ்சாலி பஸ்ஸில் அழ மாட்டார்

கல்மண்டபத்தில் பஸ் ஏறிய ஒருவர், எனக்கு முன் சீட்டில் ஜன்னலோரம் இருந்தவரிடம், “பாஞ்சாலி, கொஞ்சம் தள்ளி குந்து” என்றார். அந்தப் பாஞ்சாலிக்கு நாலு நாள் தாடி. சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் லோடு இறக்குகிறவர்களின் காக்கிச் சட்டை.

“கோயில் கூத்துல உன்ன பாத்தேன். சேலைய இழுக்க சொல்ல ஒரு அழுகை அழுதியே, அத்த இன்னொரு தபா அழு. போன்ல புடிச்சிக்கிறேன்.”

“முடியாது.”

“இன்னா நைனா, உன் ரசிகன் கேக்குறேன்!”

பின்சீட்டில் இருந்த காக்கிச் சட்டைக்காரர்கள், “அழு பாஞ்சாலி, அழு” என்று கைதட்டினார்கள். அவர் எழுந்து நின்று எல்லோரையும் பார்த்தார்.

“அந்த அழுகைக்கு பத்து நாளு விரதம் இருக்கேன். நீ போன நீட்னா வர்றதுக்கு அது இன்னா குழாத் தண்ணியா? வேஷம் கட்னாத்தான் நான் பாஞ்சாலி. இங்க டிக்கெட் வாங்குன ஆளு. போன உள்ள வை.”

கைதட்டல் நின்றது. போன் சட்டைப் பைக்குள் போனது.

சாத்தாங்காட்டில் அவர் இறங்க எழுந்தபோது, ரசிகர் காலை மடக்கி வழிவிட்டார். “கூத்து நல்லா இருந்திச்சிண்ணே.”

“இத்த மொதல்லயே சொல்லிருந்தா, இம்மா நேரம் உன்னாண்ட பேசிகினே வந்திருப்பேன்.”